பறப்பவனுக்கு ஒரு நாற்காலி

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை போட 60 லட்சம் டாலர் கேட்டார்கள். உலகம் முழுக்க உண்டியல் குலுக்கி, தமிழக அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்து, 2018-இல் தொகை சேர்ந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழக இருக்கை என்பது பேராசிரியர், ஆய்வு, மாணவர்கள் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. பந்தலுக்கு வாடகைக்கு எடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி அல்ல. ஆனால் அதே ஹார்வர்டில் 2006-ஆம் ஆண்டு நாற்காலிகள் இனாமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. மவுஸை ஒரு தட்டு தட்டினால் மரக்கட்டை ஒன்று முளைக்கும். அதை இழுத்து, நறுக்கி, நாலைந்தை ஒட்டினால் நாற்காலி. எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரே சங்கடம், அவை எல்லாம் கணினிக்குள் இருந்தன.

கணினிக்குள் வளாகம் கட்டிக் குடியேறிய அந்தக் கதையை வரலாறாக எழுதினால் வறட்சியாக இருக்கும். நம் ஊர் வழக்கப்படி தல புராணமாகச் சொல்லிவிடுகிறேன். தல புராணங்களில் உண்மை கொஞ்சம், அளப்பு அதிகம் என்பார்கள். இதில் நேர்மாறு. எந்த இடம் நம்பவே முடியாததாக இருக்கிறதோ, அது நடந்தது என்று கொள்க.

எந்தப் புராணமும் போன யுகத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். ஆகவே 1960-கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் என்ற பொறியாளர் 'பிளேட்டோ' என்றொரு கணினி அமைப்பை உருவாக்கினார். பாடம் சொல்லித்தருவதற்கென்றே பிறந்த கணினி. 1970-களில் அதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை வந்தது. தொட்டால் பதில் சொல்லும் வசதியும் வந்தது. நாம் தொடுதிரையைக் கண்டு வாய்பிளக்க இன்னும் முப்பது வருஷம் இருந்தது. அதில் கணக்குப் பாடம் இருந்தது, வேதியியல் இருந்தது. மாணவர்கள் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, பாதாளக் குகைக்குள் இறங்கிப் பூதங்களை வெட்டும் விளையாட்டு எழுத உட்கார்ந்தார்கள்.

நிர்வாகம் கண்டால் அழித்துவிடும். ஆகவே 1975-இல் ஒரு கில்லாடி தன் குகை விளையாட்டுக்கு 'பெடிட்5' என்று பெயர் வைத்தார். மக்கள்தொகை, எரிசக்தி ஆய்வுக் குழுவுக்கு ஒதுக்கியிருந்த கோப்புப் பெயர் அது. எந்த அதிகாரியும் திறந்து பார்க்கத் துணியமாட்டார். பாடப்புத்தகத்துக்குள் ராணி காமிக்ஸ் வைத்துப் படித்தவர்களுக்கு இந்த உயர் தொழில்நுட்பத்தை நான் விளக்கவேண்டியதில்லை. அப்படியும் கண்டுபிடித்து அழித்தார்கள், மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அழித்தார்கள். 1979-இல் அதே பிளேட்டோவில் இன்னொரு குகை விளையாட்டு வந்தது. அதன் பெயர் 'அவதார்'. நம்முடைய சரக்கு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் ராயல்டி கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா, 'மட்' என்ற உலகை வெறும் எழுத்தாலேயே கட்டத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்தது. படம் கிடையாது. 'வடக்கே போ' என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று வாக்கியம் வரும். வெளியாட்களும் தொலைபேசிக் கம்பி வழியாக வரலாம், ஆனால் நள்ளிரவுக்கு மேல்தான். பகலில் கணினிக்கு உத்தியோகம் இருந்தது. அர்த்தசாம பூஜைக்குப் பிறகு நடை திறந்த தலம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டு யுகத்திலும் கட்டியவர்கள் மாணவர்கள், கண்ணை மூடிக்கொண்டோ முறைத்துக்கொண்டோ இருந்தவர்கள் பேராசிரியர்கள். மூன்றாம் யுகத்தில் பேராசிரியர்களே உள்ளே இறங்கினார்கள். அங்கே பிடித்தது சனி.

மூன்றாம் யுகத்துத் தலம், சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் லிண்டன் தெரு. மூர்த்தி, பிலிப் ரோஸ்டேல். உள்ளே எழுந்தருளும்போது பிலிப் லிண்டன். காணிக்கை லிண்டன் டாலர். நிஜ டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 250 கிடைக்கும். தல விருட்சம் லிண்டன் மரம். இப்படி ஒரு மரம் உண்மையாகவே இருப்பதால் எனக்குச் சிரமமில்லாமல் போயிற்று. ரோஸ்டேல் 1999-இல் லிண்டன் லேப் நிறுவனத்தைத் தொடங்கியபோது செய்ய நினைத்தது உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு யந்திரத்தை. அதைச் சோதிக்க ஓர் உலகம் வேண்டுமே என்று மென்பொருள் எழுதப்போய், கடைசியில் யந்திரத்தைப் பரணில் போட்டுவிட்டு உலகத்தை வைத்துக்கொண்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, குரங்குக்கு நல்ல விலையும் கிடைத்த கதை. 2003 ஜூன் 23 அன்று அந்த உலகம் 'செகண்ட் லைஃப்' என்ற பெயரில் குடமுழுக்கு கண்டது.

இதை விளையாட்டு என்று சொன்னால் அதன் பக்தர்களுக்குக் கோபம் வரும். வெல்ல எதுவுமில்லை, கொல்ல எதுவுமில்லை. முடிவு என்று ஒன்று கிடையாது. நடுவில் விட்டுப்போனால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நிலம் வைத்திருந்தால் கட்டணம் மட்டும் மாதாமாதம் வரும். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு முதல் நாளே சொந்த ஊருக்கு வந்தது போல் இருந்திருக்கும்.

அந்த உலகத்தின் இயற்கை விதிகளையும் சொல்லிவிடுகிறேன். கால் வலிக்காது. வெயில் சுடாது. நீங்களே ஏற்பாடு செய்தாலொழிய மழை பெய்யாது. நினைத்த இடத்துக்கு நினைத்த மாத்திரத்தில் போகலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பொத்தானை அமுக்கினால் பறக்கலாம். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணைவேந்தர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

2004-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து கட்டடக்கலை வகுப்பொன்று உள்ளே வந்தது. பாடம் நடத்த வருகிறவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க இலவச மனை என்று லிண்டன் லேப் அறிவித்திருந்தது. தாம்பரத்துக்கு அப்பால் லே-அவுட் போடுகிறவர்களுக்குத் தெரிந்த உத்திதான். முதலில் பள்ளிக்கூடத்துக்கு இடம் விடு. பிறகு 'பள்ளிக்கூடம் மிக அருகில்' என்று மற்ற மனைகளை விற்றுக்கொள்.

விற்றது. 2006 மே மாதம் 'பிசினஸ்வீக்' பத்திரிகையின் அட்டையில் ஆன்ஷி சுங் சிரித்தார். சிரித்தது அவருடைய அவதாரம், அதாவது செகண்ட் லைஃபுக்குள் அவர் எடுத்துக்கொண்ட உருவம். உள்ளே நிலத்தை வாங்கி, வெட்டி, விற்று, வாடகைக்கு விட்டு நிஜப் பணம் குவித்துக்கொண்டிருந்தவர். இல்லாத நிலத்தை விற்பது நமக்குப் புதிதல்ல. ஏரிக்கு நடுவில் பட்டா போட்ட பரம்பரை நாம். இல்லாத நிலம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்றதுதான் இதில் புதுமை.

அந்த ஆண்டின் கடைசியில் ஹார்வர்டு சட்டக் கல்லூரி இறங்கியது. பேராசிரியர் சார்லஸ் நெஸன் தன் மகள் ரெபெக்கா நெஸனோடு சேர்ந்து 'சைபர்ஒன்' என்ற வகுப்பை நடத்தினார். அப்பா நிஜக் கட்டடத்தில் நிஜ மாணவர்களுக்கு. மகள் செகண்ட் லைஃபில், பெர்க்மன் தீவில், தொலைநிலை மாணவர்களுக்கு. அப்பன் இகத்துக்கு, மகள் பரத்துக்கு. அந்தத் தீவில் என்ன கட்டினார்கள் என்பதுதான் கதைக்கு முக்கியம். ஹார்வர்டின் பழம்பெரும் ஆஸ்டின் ஹாலை அப்படியே கட்டினார்கள். மாதிரி நீதிமன்றக் கூடம் உட்பட. வரிசை வரிசையாக இருக்கைகள் உட்பட.

அதன் பிறகு தாங்கவில்லை. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் உள்ளே நிருபர் போட்டது. 2007 மே மாதம் மாலத்தீவு தூதரகம் திறந்தது. எட்டே நாளில் சுவீடனும் திறந்தது. (மாலத்தீவின் அவசரம் நியாயமானது. கடல் ஏறி வந்தால் ஒதுங்க ஒரு தீவாவது கைவசம் வேண்டும்.) அதற்கு முந்தைய மாதம் கார்ட்னர் என்ற ஆலோசனை நிறுவனம் ஜோசியம் சொல்லியிருந்தது. 2011 முடிவதற்குள் இணையத்தில் புழங்குகிறவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மாய உலகில் இன்னொரு வாழ்க்கை இருக்குமாம். நம் ஊர் ஜோசியர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும். 'வடக்கிலிருந்து ஒரு நல்ல செய்தி வரும்' என்று மழுப்பாமல் தேதி, சதவீதம் இரண்டையும் தைரியமாகச் சொன்னார்கள்.

உலகத்துப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக் குழுக் கூட்டங்களில் அந்த நாட்களில் பேச்சு இப்படித்தான் போயிருக்கவேண்டும்:

"ஹார்வர்டு போயிருக்கிறதாமே?"

"ஆமாம் சார்."

"எங்கே?"

"இல்லாத இடத்துக்கு சார்."

"நாம் இன்னும் போகவில்லையா? வெட்கமாக இல்லையா?"

ஒரு தீவு என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர். ஏக்கர் கணக்கில் சுமார் 16. அன்றைக்கு வாங்க 1,675 டாலர். அதன் பிறகு பராமரிப்பென்று மாதம் 295 டாலர். கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலை. 16 ஏக்கர் கடலோர நிலம் இந்த விலைக்கு! செடி நட்டால் உடனே வளரும். வேலி போட ஆள் தேட வேண்டாம். எந்த வாரிசும் கோர்ட்டுக்குப் போகமாட்டான். வாங்கினார்கள். வாங்கிக் கட்டினார்கள்.

இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். ஒரு பிரபஞ்சமே கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஈர்ப்பு விசையை உங்கள் சௌகரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வகுப்பை மேகத்தில் நடத்தலாம், கடலடியில் நடத்தலாம், ரத்தக் குழாய்க்குள் நடத்தலாம். மனித குலத்தின் மிகப் பெரிய படிப்பாளிகள் கூடி, யோசித்து, கமிட்டி போட்டு, கடைசியில் கட்டியது: செங்கல் நிறத்தில் ஒரு கட்டடம். மழையே இல்லாத உலகில் அதற்கொரு கூரை. பறக்கிறவர்களுக்குப் படிக்கட்டு. கால் வலிக்காதவர்களுக்கு நாற்காலி. முன்னால் ஒரு மேடை, மேடைமேல் திரை, திரையில் பவர்பாயிண்ட். பவர்பாயிண்ட்டுக்குப் பயந்து வேறு உலகத்துக்கே ஓடிவந்த மாணவனை அது வாசலிலேயே காத்திருந்து பிடித்துக்கொண்டது.

சனீஸ்வரனுக்குப் பயந்து சாக்கடைக்குள் ஒளிந்தவனிடம், 'அதுவும் என் வேலைதான்' என்று அவர் சொன்னதாகப் பாட்டிமார் கதை சொல்வார்கள். அதுதான்.

பேராசிரியர்கள் உள்ளே நுழைந்த வைபவத்தைத் தனிப் படலமாகவே பாடலாம். முதலில் பெயர். உங்கள் முதல் பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். குடும்பப் பெயரை மட்டும் அவர்கள் தரும் பட்டியலிலிருந்து பொறுக்கவேண்டும். நாற்பது வருஷம் ஆய்வுக் கட்டுரை எழுதிச் சேர்த்த பெயரை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, ஏதோ ஒரு வம்சத்தில் தத்துப்போகவேண்டும். முன்னெழுத்தோடு வாழ்கிற நமக்கு இதன் வலி தெரியாது. வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் துடித்திருப்பார்கள். 2010-இல் பட்டியலை எடுத்துவிட்டு, புதிதாக வருகிற எல்லோருக்கும் 'ரெசிடென்ட்' என்று ஒரே குடும்பப் பெயர் கொடுத்தார்கள். சாதி ஒழிப்பில் இவ்வளவு சுலபமான வெற்றி வேறெங்கும் கிடைத்ததில்லை.

அடுத்தது உருவம். இணைப்பு மெதுவாக இருந்தால் உங்கள் அவதாரத்தின் அங்கலட்சணங்கள் வந்துசேர நேரமாகும். அதுவரை எல்லோருக்கும் பொதுவான ஓர் உடம்பு தோன்றும். பெண் உடம்பு. அதன் பெயர் ரூத். மீசையும் கோட்டுமாகத் தன்னை வடித்துக்கொண்டு வந்த இயற்பியல் பேராசிரியர், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ரூத்தாக நின்று குவாண்டம் கோட்பாட்டைத் தொடங்குவார். வகுப்பில் பத்துப் பேர் ரூத்தாக இருந்தால் வருகைப்பதிவு எடுக்கிறவர் பாடு என்ன? கமல்ஹாசன் பத்து வேடத்தில் வந்த 'தசாவதாரம்' 2008-இல் வெளியானது. அதே ஆண்டில் உலகத்துப் பேராசிரியர்கள் ஒரே ஓர் அவதாரத்தை முழுசாக எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அந்த வருஷம் உள்ளே போனவன்தான். வீட்டில் 256 கேபிபிஎஸ் இணைப்பு. சுவர் வருவதற்கு முன் ஜன்னல் வந்தது; தரை வருவதற்கு முன் நான் வந்தேன். இலவசமாகத் தலைமுடி தருகிறார்கள் என்று ஒரு கடைக்குப் போய் வாங்கி அணிந்துகொண்டேன். தலையில் ஒரு பெட்டி ஏறி உட்கார்ந்தது. முடி பெட்டிக்குள் இருக்கிறதாம். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, எடுத்து, பிறகு அணியவேண்டுமாம். புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தவறு என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரியவில்லை. தலையில் அட்டைப்பெட்டியோடு ஒரு பல்கலைக்கழகத் தீவுக்குப் போனேன். வாசலில் வரவேற்புப் பலகை, உள்ளே அருமையான அரங்கம், அரங்கம் நிறைய நாற்காலிகள். ஓர் ஆள் இல்லை. வலது பக்கம் கிளிக் செய்தால் 'உட்கார்' என்று வந்தது. உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. கரண்ட் போய்த்தான் எழுந்தேன்.

ஆள் வந்தாலும் ஆபத்து. தனித் தீவு ஒன்றில் நூறு பேருக்கு மேல் நிற்க முடியாது. அரசாங்கப் புறம்போக்கு மாதிரி இருந்த பெருநிலப் பகுதியில் நாற்பதோடு சரி. நூறு நெருங்குவதற்கு முன்பே எல்லோரும் சேற்றில் நடப்பவர்கள் போல ஆகிவிடுவார்கள். இதற்குக் கண்டுபிடித்த உபாயம் அபாரமானது. நான்கு தீவுகளை ஒட்டவைத்து, நான்கு எல்லையும் கூடும் முனையில் அரங்கத்தைக் கட்டினார்கள். கால்வாசிக் கூட்டம் இந்தத் தீவில், கால்வாசி அந்தத் தீவில். நான்கு சர்வே எண்ணும் சந்திக்கும் கல்லின்மேல் வீடு கட்டி நான்கு ஊராட்சிக்கும் வரி கட்டாமல் தப்பிக்கிறவரின் மூளை அது. எதற்காக? இன்னும் கொஞ்சம் நாற்காலி போடுவதற்காக.

புதன்கிழமைகளில் இன்னொரு விசேஷம் இருந்தது. மென்பொருளைப் புதுப்பிக்க அன்று சில மணி நேரம் உலகத்தையே மூடுவார்கள். நமக்கு மாதம் ஒரு நாள் துணைமின் நிலையப் பராமரிப்பு. அவர்களுக்கு வாரம் ஒரு நாள் பிரபஞ்சப் பராமரிப்பு. முன்னறிவிப்பில்லாமல் மூடியதும் உண்டு. 2006 நவம்பரில் யாரோ ஒரு புண்ணியவான் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் தங்க வளையங்களை அவிழ்த்துவிட்டான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, உலகம் நிரம்பி நின்றுபோனது. ரக்தபீஜன் கதையைப் படித்திருந்தால் முன்னெச்சரிக்கையாக இருந்திருப்பார்கள்.

விஷமிகள் அதோடு விடவில்லை. டிசம்பரில் ஆன்ஷி சுங்கை சிநெட் செய்தித் தளம் அரங்கத்தில் உட்காரவைத்துப் பார்வையாளர்கள் முன்னிலையில் பேட்டி கண்டது. நடுவில் சில பொருள்கள் கூட்டமாகப் பறந்து வந்து அம்மையாரைச் சூழ்ந்தன. என்ன பொருள்கள் என்று குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆண்களுக்கு உரியவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேட்டி இடம் மாறியது, அங்கும் தொடர்ந்தன. அடுத்த வாரம் பேரவைக் கூட்டத்தை இங்கேயே நடத்தலாம் என்றிருந்த பதிவாளர்கள் மேசை இழுப்பறையைத் திறந்து ரத்த அழுத்த மாத்திரையைத் தேடியிருப்பார்கள்.

சில இடங்களில் விஷமிகள் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் வுட்பரி பல்கலைக்கழகத் தீவை, விதிமீறல் என்று சொல்லி, லிண்டன் லேப் இரண்டு முறை அழித்தது. 2007-இல் ஒன்று, 2010-இல் ஒன்று. பல்கலைக்கழகத்திலிருந்து மாணவனை வெளியேற்றிப் பார்த்திருக்கிறோம். உலகத்திலிருந்து பல்கலைக்கழகத்தை வெளியேற்றியது அங்கேதான். எனக்கென்னவோ இதில் பிளேட்டோ காலத்து பெடிட்5 ஆசாமியின் வாசனை அடிக்கிறது. மூன்று யுகத்திலும் இடத்தை முழுசாகப் பயன்படுத்தியவர்கள் தடை செய்யப்பட்டவர்கள்தான்.

கூட்டம் இல்லாத கவலைக்கும் சந்தையில் மருந்து இருந்தது. 'கேம்பிங் நாற்காலி' என்பார்கள். உங்கள் கடைக்கோ தீவுக்கோ ஆள்நடமாட்டம் அதிகம் என்று காட்டவேண்டுமானால் சில நாற்காலிகளைப் போட்டு, அதில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு சில லிண்டன் டாலர் கூலி கொடுக்கலாம். உட்கார்ந்தவர் கணினியை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அவதாரம் கூலிக்கு உட்கார்ந்திருக்கும். அரசியல் பொதுக்கூட்டத்துக்கு லாரியில் ஆள் அழைத்துவரும் நம்மவர்கள் பிரியாணிச் செலவையாவது மிச்சம் பிடித்திருக்கலாம்.

எல்லோரும் நாற்காலி போடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் புராணம் பாடியவனுக்குப் பாவம் சேரும். வாஸர் கல்லூரிக்காரர்கள் 2007-இல் சிஸ்டைன் தேவாலயத்தைக் கட்டினார்கள். மைக்கலாஞ்சலோ நான்கு வருஷம் கழுத்தொடிய நின்று தீட்டிய கூரை. ரோமில் நாம் கழுத்தொடிய நின்று பார்க்கும் கூரை. இங்கே பறந்துபோய், ஆதாமின் விரல் நுனிக்கு எதிரே அந்தரத்தில் நின்று பார்க்கலாம். பறத்தல் எதற்கு என்று ஒருவருக்காவது உறைத்தது. டெக்சாஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்து உயிரியல் பேராசிரியை ஒருவர் 'ஜீனோம் தீவு' அமைத்தார். மெண்டல் பாதிரியாரின் பட்டாணித் தோட்டத்தில் மாணவர்களே கலப்பு செய்து எண்ணிப் பார்க்கலாம். மெண்டலுக்கு ஆண்டுக்கணக்கில் பிடித்த வேலை, மதிய உணவுக்கு முன் முடியும். அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, தன் தீவின் கடற்கரையில் வருகிறவர்களைச் சுனாமி பார்க்க நிறுத்தியது. ஆய்வு விமானத்தின் இறக்கையில் ஏறிக்கொண்டு புயலுக்குள் போகவும் விட்டது.

எல்லாவற்றிலும் என்னைச் சற்று அடக்கிவைத்தது கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் கட்டிய மருத்துவமனை. உள்ளே நடந்தால் காதில் குரல்கள் திட்ட ஆரம்பிக்கும். சுவரொட்டியில் ஒரு சொல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வசவாக மாறும். தரை நழுவும். மனச்சிதைவு நோயாளிகள் தாங்கள் கண்டதாகவும் கேட்டதாகவும் சொன்னவற்றை வைத்துக் கட்டியது அது. மருத்துவ மாணவர்கள் பாடநூலில் ஒரு பத்தியாகப் படிப்பதை, காதுக்குள் கேட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் துணிச்சல் யாருக்கும் இருந்திருக்காது.

ஆனால் இப்படிப்பட்டவை கைவிரலுக்குள். மற்றதெல்லாம் கூரை, படிக்கட்டு, பவர்பாயிண்ட். 2008 மே மாதம் அதே கார்ட்னர் திரும்பி வந்து, நிறுவனங்கள் மாய உலகில் தொடங்கும் முயற்சிகளில் பத்துக்கு ஒன்பது ஒன்றரை ஆண்டுக்குள் ஊற்றிக்கொள்கின்றன என்றது. ஒரே ஜோசியர், இரண்டு ஜாதகம், இரண்டுக்கும் தட்சிணை. 2009 மார்ச்சில் செகண்ட் லைஃபில் ஒரே நேரத்தில் 88,200 பேர் இருந்தார்கள், அதுதான் உச்சம். கணக்குத் தொடங்கியவர்கள் கோடிக்கணக்கில். கணக்கு என்றாலே நம் ஊர் வங்கியிலும் அப்படித்தானே.

2010 ஜூனில் லிண்டன் லேப் ஊழியர்களில் 30 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அக்டோபரில், கல்விக்கான பாதி விலைச் சலுகையை வருகிற ஜனவரி முதல் நிறுத்துகிறோம் என்றது. அன்றைய மதிப்பில் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் வாடகை பதிமூன்றாயிரம் ஆகிறது, அவ்வளவுதான். ஒரு துறையின் டீ, பிஸ்கட் செலவு. ஆனால் பட்ஜெட் ஆண்டின் நடுவில் பதிவாளரிடம் போய், 'இல்லாத கட்டடத்துக்கு வாடகை இரட்டிப்பாகிவிட்டது' என்று கோப்பு வைத்துப் பாருங்கள். அதைவிட மறுபிறவி ஏற்பாடு சுலபம். மாநாடுகளில் எதிர்காலம் என்று முழங்கிய வாயெல்லாம் கையெழுத்துப் போடும் நேரத்தில் 'ஆகாது' என்றன. பலர் மூட்டை கட்டிக்கொண்டு 'ஓபன்சிம்' என்ற இலவச மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2013-இல் லிண்டன் லேப் சலுகையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் பல வீடுகளில் விளக்கணைந்திருந்தது.

நிஜக் கட்டடத்துக்குப் பணம் கட்டாவிட்டால் சுவர் நிற்கும், செடி முளைக்கும், ஆடு மேயும், என்றாவது தொல்லியல் துறை பலகை நடும். கீழடியில் 2,000 வருஷத்துக்கும் முந்தைய ஓட்டைத் தோண்டி எடுத்து, அதில் கீறியிருந்த பெயரைப் படித்துவிட்டோம். மாய உலகத் தீவுக்கு வாடகை நின்றால் அதன் இடத்தில் கடல் இருக்கும். தோண்ட மண்கூட இருக்காது.

பத்து வருஷம் அமைதி. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டு, 'மெட்டாவர்ஸ்' என்று முழங்கியது. நீல் ஸ்டீஃபன்சன் 1992-இல் நாவலுக்காக உண்டாக்கிய சொல். இந்த முறை தலையில் ஹெட்செட் மாட்டவேண்டும். கல்விக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு விக்டரி-எக்ஸ்ஆர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து பத்து அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு 'மெட்டாவர்சிட்டி' என்று அறிவித்தார்கள். ஆளுக்கொரு ஹெட்செட், ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு 'டிஜிட்டல் இரட்டை'. அதாவது, என்னவென்று ஊகித்திருப்பீர்கள், இருக்கிற வளாகத்தின் அச்சு அசல் நகல்.

அவதாரங்களில் மட்டும் பரிணாமம் நடந்திருந்தது. 2003-இல் செகண்ட் லைஃப் அவதாரத்துக்கு இரண்டு கால்கள் இருந்தன, ஆடும், ஓடும், பறக்கும். 2021-இல் மெட்டா உலகத்து அவதாரங்கள் இடுப்போடு முடிந்துபோயின. 2022 அக்டோபரில் மார்க் ஜூக்கர்பெர்க் மேடையேறி, 'கால் வருகிறது' என்று அறிவித்துத் தன் அவதாரத்தைக் குதிக்கவும் வைத்தார். குதித்தது நேரடியாக அல்ல, அசைவுப் பதிவை வைத்துத் தயாரித்த காட்சி என்று பிறகு தெரிந்தது. வாமன அவதாரம் மூன்றடிக்குக் கால் வைத்த தேசத்தில் பிறந்த சொல் 'அவதாரம்'. பதினெட்டு வருஷம் கழித்துக் கால் இல்லாமல் நின்றது. கால் இல்லாதவர்களை உட்காரவைக்க மெட்டா கட்டிக்கொடுத்தது எது தெரியுமா? அலுவலகக் கூட்ட அறை. நடுவில் மேசை.

போன மாதம் சும்மா இருந்த ஒரு மாலையில் செகண்ட் லைஃபை மறுபடி தரவிறக்கினேன். அது இன்னும் இருக்கிறது. இருபது வயது தாண்டிவிட்டது. பழைய கடவுச்சொல்லை மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்தேன். இப்போது இணைப்பு வேகம் என்பதால் சுவரும் ஜன்னலும் ஒன்றாகவே வந்தன. நானும் வந்தேன். தலையில் அந்த அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் சுமந்துகொண்டு நின்றிருக்கிறான், பாவம்.

2008-இல் குறித்து வைத்திருந்த பல்கலைக்கழகத் தீவின் முகவரியை அமுக்கினேன். அப்படி ஓர் இடம் இல்லை என்றது. வரைபடத்தைத் திறந்தால் அங்கே நீலம்.

வானம் திறந்து கிடந்தது. பறக்கும் பொத்தான் எதுவென்று மறந்துபோயிருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். வலது பக்கம் கிளிக் செய்தேன். 'உட்கார்' என்றது.

உட்கார்ந்தேன்.